வரலாம், வரலாம்

அயர்லாந்தின் அந்தக் குன்றுப் பாதையில் இரண்டு பக்கமும் கற்சுவர்கள் வாடகைக் காரை உரசாத குறையாக நெருங்கி வந்தன. வளைவு திரும்பியதும் எதிரே ஒரு டிராக்டர். சங்கரி பிரேக்கை மிதித்தாள். கார்தான் பின்னால் போயாக வேண்டும்.

ஆவுடையப்பன் கதவை ஒருக்களித்துத் திறந்து நெளிந்து இறங்கினார். ஊரில் மனைவி எப்போது வண்டியைப் பின்னால் எடுத்தாலும் அவர் டிக்கியைத் தட்டித் தட்டி “வரலாம், வரலாம்” என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எங்காவது இடித்துவிடுவாள் என்பது அவர் கட்சி.

“பொறு, நான் பின்னால போயிக்கிடுதேன்” என்று கையைத் தூக்கினார்.

“நீங்க அங்கனயே நில்லுங்க” என்றாள் சங்கரி.

கார் நகர்ந்தது. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி, வளைவோடு வளைவாக, சுவரில் தொங்கிய ஒரு முள்கொடிகூட அசையாமல் கொண்டுபோய், தூரத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் கேட்டருகே ஒதுக்கி நிறுத்தினாள்.

அந்த ஊர்ச் சாலைகளில் எதிரே வருகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள், அதுதான் வணக்கம். டிராக்டர்காரர் தொப்பியையே கழற்றினார். சுவரோடு ஒட்டி நின்ற ஆவுடையப்பன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, காரைக் காட்டி என்னவோ கேட்டார். இரைச்சலில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

காரைத் தட்டத் தூக்கிய கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. ஆவுடையப்பன் அதைக் கொண்டுவந்து தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“என் வீட்டுக்காரி” என்றார், தமிழிலேயே.