சொல்லில்லாத பாட்டு

சன்னல் வழியே விழும் மதிய வெயில், சுழலும் கறுப்பு இசைத்தட்டின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கிறது. கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருக்கும் கௌஸ் மைதீன் பிரேசிலில் வாங்கிய சம்பா நடனப் பாட்டு இசைத்தட்டு அது. பாடுகிறவள் சொற்களை உதறிவிட்டு வெறும் லல்லல்லாவிலேயே ஏறி இறங்குகிறாள். "இன்னா குரலு பாத்தியாக்கா!" என்று அவன் தொடையில் தாளம் போடுகிறான். பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கும் அவன் அக்கா அக்தர் பேகம் தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறாள். "உன் பொண்டாட்டியும் எறா உரிக்கச்சொல்லோ இப்டித்தான்டா பாடுவா. இப்பல்லாம் சத்தமே காணோமே?" தாளம் போட்ட கை தொடையிலேயே நின்றுவிடுகிறது. போன லீவில், "பொம்பள குரலு தெருவரிக்கும் கேக்குது, வாய மூடு" என்று அதட்டியவன் அவன்தான். அடுப்படியில் அவன் மனைவி சுராயா தலை நிமிராமல் இறால் உரிக்கிறாள். பாட்டு முடிந்து முள் கரகரக்கிறது. அதை எடுத்துவிட்டால் சட்டியில் இறால் ஓடு விழும் சத்தம் மட்டுமே மிஞ்சும். அவன் எழவில்லை.