சாயங்கால மாத்திரை

குப்பியைக் கவிழ்த்துத் தட்டில் கொட்டி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள் ஹேமலதா.

எதிரே உட்கார்ந்திருந்த அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் மாதம் ஒருமுறை இந்த அறைக்கு வர வேண்டும். மிச்ச மாத்திரையை அவள் எண்ணுவாள். அவர்கள் தினமும் எழுதி வரும் நோட்டைப் பார்ப்பாள். பிறகுதான் டாக்டரம்மா.

மிச்சம் நான்கு. இருக்க வேண்டியதும் நான்கு.

"அவனவன் பத்து, பதினஞ்சுன்னு மிச்சம் கொண்டாந்து கொட்டறான். கேட்டா மறந்துட்டேம்பான். ஒருத்தரு கோழி தின்னுருச்சுன்னாரு. உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதுமுங்ணா, எனக்குத் தலைவலியே இல்ல."

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

கணக்கு சரிதான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

காலை மாத்திரை அவனுக்கு.

சாயங்கால மாத்திரை அவன் மனைவிக்கு.

இரண்டு பேரும் ஒரே அரிசி மில்லில் தேய்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் முட்டி போய்விட்டது. ஆராய்ச்சியில் சேரவும் இரண்டு பேருமாகத்தான் வந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்குக் கிட்னி சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்தே நாளில் அவன் முட்டி இளகியது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது?

மருந்தை வேறு யாருக்கும் தரக்கூடாது, தந்தால் நீக்கிவிடுவோம் என்று தாளில் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. கூட்டிக் கூட்டி, ஒரு வரி விடாமல் அவனே படித்துத்தான் கையெழுத்துப் போட்டான். வேறு யாருக்கும் என்றால் பக்கத்து வீட்டுக்காரன். மில்லில் கூட மூட்டை தூக்குகிறவன். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவளை அவன் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை.

தண்ணீர்ச் செம்போடு நீட்டுவான். என்ன ஏது என்று கேட்காமல் விழுங்குவாள்.

ஹேமலதா நோட்டைப் புரட்டினாள். தினம் ஒரு வரி. வேறு தொந்தரவு என்ற கட்டத்தில் நாள் தவறாமல் 'இல்லை'. கோணலாக, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதிய 'இல்லை'.

இன்றைய கட்டத்தில் மட்டும் 'வீக்கம்'.

"எங்கீங்ணா?"

"காலுங்க அம்மிணி. மூஞ்சியுந்தானுங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போன முகம். உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள்.

பஸ்ஸில் வரும்போதே அவன் முடிவு செய்துவிட்டான். வீக்கம் தனக்கு என்றே சொல்லிவிடுவது. வீக்கத்துக்கு மாத்திரை எழுதுவார்கள். வாங்கி மனைவிக்குக் கொடுத்துவிடலாம். ஆராய்ச்சியை விட்டும் போக வேண்டாம். மூட்டை தூக்க முட்டியும் வேண்டுமே.

டாக்டரம்மா குனிந்து அவன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தார்.

குழி விழவில்லை.

மற்ற காலிலும் அழுத்தினார்.

இன்று காலையில் அவனும் இப்படித்தான் அழுத்திப் பார்த்தான், மனைவியின் காலில். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி.

பாதிப் பேர் குப்பியில் மருந்து, பாதிப் பேர் குப்பியில் வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தன் குப்பியில் இருப்பது மருந்துதான் என்று இத்தனை நாளும் பெருமையாக இருந்தான்.

காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறான். மாவாக இருக்கட்டும். முட்டி இளகியதெல்லாம் என் மனப்பிரமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

"வடிஞ்சிருச்சு போல," என்றார் டாக்டரம்மா. அவனுடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே சீட்டு எழுதினார். "எதுக்கும் இன்னொருக்கா ரத்தம் குடுத்துட்டுப் போங்க. இந்த மாத்திரையப் போடுங்க. உங்க கிட்னி நல்லா இருக்குது, அதனால பயமில்ல. இல்லாட்டி இத நான் எழுதியிருக்கவே மாட்டேன்."

சீட்டு கைக்கு வந்துவிட்டது.

நினைத்தது நடந்துவிட்டது.

எழுந்தான். கதவு வரை போனான். திறந்தான்.

வெளியே பெஞ்சில் அவள். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பை மடியில் வைத்திருந்தாள். அவன் கையில் சீட்டைப் பார்த்ததும் சிரித்தாள். உப்பிய முகத்தில் கண் இரண்டும் காணாமல் போயின.

வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

எப்போதும் போல. கேள்வி இல்லாமல்.

அவன் சீட்டை மடித்தான். பிரித்தான். மறுபடியும் மடித்தான்.

திரும்பினான்.

"டாக்டரம்மா."

அவர் நிமிர்ந்தார்.

"வீக்கம் எனக்கில்லீங்க. அது வெளிய உக்காந்திருக்குதுங்க."