மூன்று ஆட்சேபணைகள்

"ஆர்வில் கமிஷன்ல இருக்கிற வரைக்கும் ஜோலீன் சீஃப் ஆன மாதிரிதான்!"

"பின்ன? மீனுக்குத் தண்ணி ஊத்தினதை மனுஷன் மறப்பாரா?"

பின் மேசையில் சிரிப்பு. ஊர் உணவகத்தின் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்கு வந்திருந்த ஜோலீன், திரும்பிப் பார்க்காமல் முட்டைக்கோஸைக் கிளறினாள். காது மட்டும் சிவந்தது.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஆர்வில் ஸ்டாங்கல் தன் கொட்டகையில் மீனைப் பதப்படுத்தப் புகை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி தீ என்று பயந்துபோய், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டாள். கேப்டன் ஜோலீன் ஆட்களோடு வந்து, கோடரியால் கதவை உடைத்து, குழாயைத் திருப்பினாள். பன்னிரண்டு மீனும் மறுபடி நீந்தின.

இப்போது லூமிஸ் ஃபால்ஸ் தீயணைப்பு நிலையத்துக்குப் புதுத் தலைவர் வேண்டும். நியமிப்பது ஊர்க்காரர் ஐந்து பேர் கொண்ட கமிஷன். அதில் ஒருவர் ஆர்வில்.

போட்டியில் இருவர். இருபத்திரண்டு வருடமாக இங்கேயே நெருப்போடு மல்லுக்கட்டும் ஜோலீன். மில்வாக்கியிலிருந்து கோட்டு சூட்டோடு வந்த டன்லீவி. அவர் உட்கார்ந்துவிட்டால் அந்த நாற்காலி இன்னும் பதினைந்து வருடத்துக்குக் காலியாகாது.

"கவலைப்படாதே ஜோலீன். மூணு பேர் நம்ம பக்கம். இன்னிக்கே ஓட்டெடுத்து முடிச்சுடறேன்" என்றாள் கமிஷன் தலைவி டெனிஸ், ஜனவரிக் கூட்டத்தன்று.

ஜோலீன் ஒரு டப்பா நிறைய எலுமிச்சை கேக் கொண்டுபோனாள். எல்லோரும் எடுத்தார்கள். ஆர்வில் மட்டும் ஒற்றை விரலால் டப்பாவைத் தள்ளி வைத்தார்.

"ஆட்சேபணை. அறிவிப்பு இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி ஒட்டணும். பெவ் ஒட்டினது இருபத்துமூணரை மணி நேரம் முன்னாடி."

கூட்டம் தள்ளிப்போனது. நகராட்சி எழுத்தர் பெவ், "ஸ்டாப் வாட்ச் வெச்சிருந்தீரா?" என்று முணுமுணுத்தாள்.

பிப்ரவரியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். மூவர் இருந்தால் போதும். டெனிஸ் வாய் திறந்ததும் ஆர்வில் எழுந்தார்.

"ஆட்சேபணை. என் வாசல்ல பனி கெடக்கு. அள்ளணும்."

"ஆர்வில், நீங்க போனா ரெண்டு பேர்தான்! கூட்டமே செல்லாது!"

"அப்படியா?" தொப்பியை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

மார்ச் முதல் வாரம், மூன்றாவது கூட்டம். நியமன விதிகள் முழுவதையும் உரக்கப் படித்தாக வேண்டும் என்று ஆர்வில் பிடிவாதம் பிடித்தார். பாதி படிப்பதற்குள் ஏழு மணி. அறையை முன்பதிவு செய்திருந்த பெண்கள் தையல் மெஷின்களோடு உள்ளே வந்துவிட்டார்கள். ஜோலீன் மறுபடியும் கொண்டுவந்திருந்த கேக்கை அவர்கள்தான் தீர்த்தார்கள்.

மறுநாள் தபால் நிலையத்தில் ஜோலீன் அவரை மடக்கினாள்.

"மிஸ்டர் ஸ்டாங்கல், அந்தக் கதவுக்காகத்தான் இதெல்லாம்னா, நானே புதுக் கதவு மாட்டித் தர்றேன். மீனும் பிடிச்சுத் தர்றேன்."

"பதவிக்கு மனு போட்டவங்ககூடக் கமிஷன்காரன் வெளியில பேசக் கூடாது" என்றார் அவர், தபால்தலையைப் பார்த்தபடி. "விதி."

"விதியா, வீம்பா?"

அவர் தபால்தலையை நாக்கில் நனைத்து உறையில் ஒட்டினார்.

மார்ச் பதினேழு, நான்காவது கூட்டம். ஐந்து பேரும் வந்திருந்தார்கள். மேசையில் ஜோலீனின் கேக் டப்பாவும் இருந்தது. எல்லோர் கண்ணும் ஆர்வில் மேல். அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

எழுந்தவர் டன்லீவி.

"இன்னிக்கு எனக்கு ஒரு ஆட்சேபணை. தலைவர் ஆகணும்னா கேப்டனா அஞ்சு வருஷம் முழுசா முடிச்சிருக்கணும்."

"அஞ்சரை வருஷமே ஆச்சு!" என்றாள் டெனிஸ். "ஆகஸ்ட் பிக்னிக்ல ஊரே பார்க்க அவளுக்குக் கேப்டனோட சிவப்பு ஹெல்மெட் மாட்டினோமே! நான்தான் கேக் வெட்டினேன்."

"பிக்னிக்ல ஹெல்மெட் மாட்டினா பதவி ஆயிடுமா? நகர மன்றம் கையெழுத்துப் போட்ட தாள் எங்கே?"

ஜோலீன் பெவ்வின் பக்கம் திரும்பினாள். பழைய தலைவர் அந்த வருடம், 'தாள் எல்லாம் மெதுவா வரும், நீ வேலையைப் பாரு' என்றிருந்தார். தாள் எப்போது வந்தது என்று அவள் பார்த்ததே இல்லை.

பெவ் ஃபைலைத் திறந்தாள். ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"ஹெல்மெட் மாட்டினது ஆகஸ்ட். ஆனா மன்றம் கையெழுத்துப் போட்டது அடுத்த வருஷம் மார்ச் பதினாறு."

"அப்படின்னா?" என்றாள் டெனிஸ்.

"நேத்தோட அஞ்சு வருஷம் முழுசா முடிஞ்சுது."

டன்லீவி மெதுவாக உட்கார்ந்தார்.

டெனிஸின் முகம் வெளுத்தது. "அட கடவுளே. ஜனவரியிலேயே நான் அவசரப்பட்டு ஓட்டெடுத்திருந்தா…"

"செல்லாது. அப்போ அஞ்சு வருஷம் ஆகலையே, ஜோலீன் பட்டியல்லயே இருந்திருக்க மாட்டா" என்றாள் பெவ். பிறகு மெல்லச் சொன்னாள்: "இந்த ஃபைலை முதல் கூட்டத்துக்கு முன்னாடியே வாங்கிப் படிச்சது ஒரே ஒருத்தர்தான்."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்ன பார்வை?" என்று ஆர்வில் எரிந்து விழுந்தார். "ஓட்டெடுக்கப் போறீங்களா, இல்ல நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

ஐந்து கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அவருடையது.

ஜோலீன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"பெவ், நியமனம் ஆயிடுச்சுன்னு குறிப்புல எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"கையெழுத்து?"

"போட்டாச்சு, ஆர்வில்."

அவர் எலுமிச்சை கேக் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டார்.