மேகலை இறங்கட்டும்

இன்னொரு முறை பார்த்தாள். எண் ஏறித்தான் இருந்தது.

இறங்கட்டும்: 6,302.

ஓட்டிப் போகட்டும்: 838.

வாக்களிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இனி மாறப் போவதில்லை.

ஒரு கார் கம்பெனியின் விளம்பரத்துக்காக அவள் எழுதிவந்த இணையத் தொடர் அது. வாரம் ஓர் அத்தியாயம். ஒவ்வொன்றின் முடிவிலும் இரண்டு பொத்தான்கள். நாயகி மேகலை அடுத்து என்ன செய்வாள் என்பதை வாசகர்கள்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கடற்கரைச் சாலையா, புறவழிச் சாலையா? கடற்கரை என்றார்கள். மழைக்கு ஒதுங்குவதா, ஓட்டுவதா? ஓட்டச் சொன்னார்கள். அதுவரை யாருக்கும் சிக்கலில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கார் ஓடியது.

ஐந்தாம் வாரம் மேகலை கும்பகோணத்தில் அக்காள் வீட்டுத் தெருவுக்கு வந்துவிட்டாள். ஒன்பது வருடமாகப் பேச்சில்லாத அக்காள். வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த அத்தியாயத்தை மட்டும் அவள் ஏழு தடவை திருத்தியிருந்தாள். விளம்பரம் என்பதே மறந்துபோயிருந்தது.

மூன்று மணிக்கு ஜெரால்ட் கூப்பிட்டார். விளம்பர நிறுவனத்தில் இந்தத் தொடருக்குப் பொறுப்பு அவர். கம்பெனிக்காரர்கள் பார்த்துவிட்டார்களாம். அடுத்த வாரம் மலைப்பாதையாம். கொண்டை ஊசி வளைவில் வண்டி எப்படித் திரும்புகிறது என்று காட்ட வேண்டுமாம்.

ஆறாயிரம் பேர் இறங்கச் சொல்லியிருக்கிறார்களே என்றாள்.

"இறங்கிட்டா கதை வீட்டுக்குள்ள போயிடுதும்மா. வண்டி வெளியவே நிக்குது."

அக்காளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகட்டுமே என்றாள். மூன்று விதமாக எழுதி அனுப்பினாள். மூன்றும் திரும்பி வந்தன. கடைசியில் வந்ததன் ஓரத்தில் யாரோ சிவப்பில் கேட்டிருந்தார்கள்: அக்கா தேவையா?

வாக்குகளின் எண்ணிக்கை வெளியே தெரியாது என்றார் ஜெரால்ட். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மேகலை ஏன் இறங்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும். இரண்டு நாள் யோசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள், அழித்தாள். எதுவும் மேகலைக்குப் பொருந்தவில்லை.

காரணமே இல்லாமல் வண்டியைக் கிளப்ப வைத்தாள்.

அத்தியாயம் வெளிவந்தபோது தலைப்புக்குக் கீழே அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. 'உங்கள் விருப்பப்படியே பயணம் தொடர்கிறது.'



பத்து நாள் கழித்து ஜெரால்ட் ஒரு பட்டியல் அனுப்பினார். காரை ஓட்டிப் பார்க்க விண்ணப்பித்தவர்கள். எல்லோருக்கும் ஏக சந்தோஷம் என்று எழுதியிருந்தார். கடைசி விண்ணப்பத்தைப் படித்துச் சிரிக்கச் சொல்லியிருந்தார்.

பெயர், பரமேஸ்வரி. ஊர், விருதுநகர். எந்த மாடல் என்ற இடம் காலி.

எந்த நாள் வசதி என்ற கட்டத்துக்குள் நெருக்கி நெருக்கி அடித்திருந்தது:

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எழுத வேற எடம் இல்லாததால இதுல எழுதுறேன். எங்க வீட்ல மூணு பேரும் எறங்கணும்னுதான் அமுக்குனோம். எங்க விருப்பம்னு போட்டிருக்கீங்க. அந்தப் பிள்ள ஏன் எறங்கல?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடியும் படித்தாள். கீழே கைபேசி எண் இருந்தது.

நாலைந்து முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்கள். கார் கம்பெனியா என்றது ஒரு பெண் குரல். வண்டியெல்லாம் வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னது.

கம்பெனி இல்லை, அந்தக் கதையை எழுதியவள் என்றாள்.

 மறுமுனையில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வைத்துவிடலாமா என்று நினைத்தாள். வைக்கவில்லை.

"அவ இறங்கிட்டாம்மா," என்றாள்.

"ஒரு நிமிசம் இருங்க. அடுப்ப அமத்திட்டு வந்துர்றேன்."

காத்திருந்தாள்.

அக்காள் வீட்டுக் கதவை யார் வந்து திறப்பது என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.