அக்கம்பக்க விசாரணை

பேக்கரி வாசலில் நின்றபடி அவன் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிரே, மாடியில் பேங்க் ஆள் இருக்கிறார். வீட்டுக் கடன் கொடுக்கும் முன்னால் ஆளையும் இருப்பையும் நேரில் பார்த்துப் போக வந்தவர்.

காலையிலேயே அவனுடைய சட்டை, செருப்பு, ஷேவிங் செட் எல்லாம் ஒரு சாக்குக்குள் போய்விட்டன. கல்யாண போட்டோ இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரியவே, ஒரு காலண்டரைத் தேடிப்பிடித்து மாட்டியவனும் அவன்தான்.

யோசனையே அவனுடையதுதானே.

பனியன் யூனிட் போட்டான். ஆர்டர் கைவிட்டுப் போனது. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பேர் நாறியது.

நாயாய்ப் பேயாய் உழைத்து அத்தனையும் அடைத்தாயிற்று. ஆனாலும் கெட்ட பேர் கெட்டதுதான். எந்த பேங்கில் போய் உட்கார்ந்தாலும், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

மனைவி பூங்கோதைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் பேரில் ஒரு கறை கிடையாது. கூடவே புருஷனும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு நின்றது.

"நாம பிரிஞ்சுட்டோம்னு சொல்லிரு."

சோற்றில் கை வைத்தபடியே அழுதாள். அப்புறம் சரி என்றாள்.

மகள் தர்ஷிக்கு அவனே சொல்லிக்கொடுத்தான், விளையாட்டு மாதிரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. கற்பூரம்.

பேங்க் ஆள் படியிறங்கி வந்தார்.

வண்டியை எடுப்பார் என்று பார்த்தால், நேராகப் பேக்கரிக்கு வருகிறார். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் போகமாட்டார்கள் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை, பாவிக்கு.

டீ சொல்லிவிட்டு அவனிடமே கேட்டார்.

"ஏனுங்க, எதிர்த்த மாடி நர்ஸம்மா வீட்ல யார் யாருங்க இருக்கறாங்க?"

"அந்தம்மாவும் பொண்ணும்தானுங்க."

"வீட்டுக்காரரு?"

"உட்டுட்டுப் போயிட்டானுங்க." கேட்காததையும் சேர்த்துக்கொண்டான். "கடன்காரப் பய."

கல்லாவில் இருந்த குமரேசனுக்கு எல்லாம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கறாங்க. நல்லபடியா எழுதி அனுப்பிடறேன்."

சொந்த வீடு வந்துவிடும். நிஜமாகவே வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தர்ஷி ஓடி வந்தாள். வந்தவர் போய்விட்டார், அப்பாவைக் கூட்டி வரலாம் என்கிற சந்தோஷம் முகமெல்லாம். கிட்டே வந்த பிறகுதான் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தாள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஒரு தேங்காய் பன்."

கையில் காசில்லை.

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. போன வேகத்தில் இறங்கியது.

"நான் தர்றேனுங்க," என்றார் பேங்க் ஆள். நல்ல மனுஷன். பன்னை வாங்கி அவரே அவள் கையில் கொடுத்தார். பிறகு, சும்மா இருக்கமாட்டாமல் கேட்டார்.

"அப்பா உன்னையப் பாக்க வருவாரா கண்ணு?"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"வரமாட்டாருங்க அங்கிள்."

அச்சுப் பிசகாமல், சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள்.

சொல்லி முடித்ததும், பன்னைப் பிடித்தபடி, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். இது அவன் சொல்லிக்கொடுத்ததில் இல்லை.

பேங்க் ஆள்தான் குனிந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.