மாணவர் பக்கம்

“ரெண்டரை சென்டிமீட்டர் ஆழம். எழுதிக்கோ!”

சுவர் விரிசலுக்குள் ஸ்கேலை விட்டு அதட்டிய அதிகாரிக்கு வயது பன்னிரண்டு. பயபக்தியோடு எழுதிக்கொண்டது, அவளைப் பெற்ற தையல்காரி.

பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டம் பற்றி வகுப்பில் எல்லோரும் பத்திரிகைக் கட்டுரை எழுத வேண்டுமாம். நன்றாக இருப்பதைப் பேப்பரிலேயே, மாணவர் பக்கத்தில் போடுவார்களாம்.

அவர்கள் இருந்த நான்கு மாடிக் கட்டடத்தைப் பழுது பார்ப்பதா, இடிப்பதா என்று ஆறு மாதமாக இழுபறி. இடித்தால் ஆளுக்கொரு மூலையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தையல்காரிக்குத் துணி தருபவர்களும், அவள் வெளியே போனால் மகளுக்குச் சோறு போடுபவர்களும் அந்த நான்கு மாடிக்குள்தான் இருந்தார்கள். குடியிருப்பு என்ஜினீயரிடம் மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இனி யார் காலில் விழுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

“‘இடிக்காதீங்க, பூசிக் குடுங்க, நாங்க சேர்ந்தே இருந்துக்கிறோம்’னு முதல்ல போடட்டுமாம்மா?”

“எடுத்த எடுப்புலயே கேட்டா எவன்டி மதிப்பான்? குறையெல்லாம் வரிசையாச் சொல்லு. கோரிக்கை கடைசியிலதான். நான் எழுதாத மனுவா?”

“இடம் பத்தலைன்னா கொஞ்சம் வெட்டுவாங்கன்னு சார் சொன்னாரு.”

“அதுக்குத்தான் சொல்றேன், வளவளன்னு எழுதாதே.”

வாயாடி வாயை மூடிக்கொண்டு எழுதினாள். விரிசல், ஒழுகும் குழாய், கழன்று தொங்கும் படிக்கட்டுக் கைப்பிடி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசிப் பத்தியில் இருந்த கோரிக்கையை மட்டும் தையல்காரி இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

கட்டுரை வெளியாகும் நாளன்று, பேப்பர்காரர் வருவதற்கு முன்பே என்ஜினீயர் வந்து நின்றார். எத்தனை முறை போனாலும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். இன்று கையில் பேப்பர், வாயெல்லாம் பல்.

“பாப்பா பிரமாதமா எழுதியிருக்கும்மா! விடிஞ்சதும் விடியாததுமா மேலிடத்துலேர்ந்து போன். ஆறு மாச இழுபறி ஒரே நிமிஷத்துல தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம் வேலை ஆரம்பம்!”

தையல்காரிக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு நீர் முட்டியது. கை கால் ஓடாமல், இருந்த ஒரே நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

மகள் பேப்பரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அவள் விரல் கட்டுரையில் வரி வரியாக இறங்கி, படிக்கட்டுக் கைப்பிடியோடு நின்றது. அதற்குக் கீழே ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது.

“அம்மா...” என்றாள்.

சந்தோஷத்தில் அது தையல்காரியின் காதிலேயே விழவில்லை.

“பூச்சு வேலையை எந்த மாடியிலேர்ந்து சார் ஆரம்பிக்கிறீங்க?”

“பூச்சா? இடிக்கச் சொல்லித்தானேம்மா உங்க பொண்ணு எழுதியிருக்கு!”