நான்காம் கிண்ணத்தின் பெயர்நாள்

ப்ளோவ்திவ் நகரில் எங்கள் கம்பெனியில் ஐந்தே பேர். சர்க்கரை நோயாளிகளுக்காக இன்சுலின் சுரக்கும் செல்களைக் கிண்ணங்களில், உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்க்கிறோம். செல்கள் இறந்தவர்கள் தந்தவை. தந்தவர் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

சர்க்கரை கொடுத்தால்தான் அவை சுரக்க வேண்டும். அன்று காலை நான்காம் கிண்ணம் சும்மாவே சுரந்து தள்ளியிருந்தது.

"தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றாள் முதலாளி சோர்னித்சா. ஒரு வருட உழைப்பு.

"இருங்க மேடம்," என்றான் கூட வேலை பார்க்கும் காமென். "இன்னிக்குப் புனித திமித்ர் நாள், அந்தப் பேர் வச்சவங்களுக்கெல்லாம் பெயர்நாள் கொண்டாட்டம். இந்தச் செல்லைத் தந்தவரு பேரும் திமித்ரோ என்னவோ! காலையிலேயே விருந்தை ஆரம்பிச்சுட்டாரு."

சிரித்தபடி எல்லோரும் கிண்ணத்தின் முன் வரிசையாக நின்று, "நீண்ட ஆயுசோட இருங்க, திமித்ர்!" என்று வாழ்த்தினோம். மறுபடி சோதித்தோம். சுரப்பு அடங்கியிருந்தது. கைதட்டினோம்.

மதியம் மேஜைமேல் ஒரு சாக்லேட் பெட்டி இருந்தது. பெயர்நாள்காரர்தான் மற்றவர்களுக்கு இனிப்புத் தர வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம்.

"யாருப்பா வாங்கினது?" என்றாள் சோர்னித்சா.

யாரும் வாங்கவில்லை; எங்களில் திமித்ரும் யாருமில்லை. ஹீட்டர் இன்னும் போடவில்லை. அறை குளிரில் விறைத்தது. சாக்லேட் மட்டும் உடம்புச் சூட்டில் இளகியிருந்தது. விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டோம்.